தப்பைத் திருத்தி திட்டு வாங்கிய கதை, அப்படியே ஆய்வு என்றால் என்ன என்றும்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல், ஹார்டு பைண்டிங், அட்டை மேல் தங்க எழுத்து, எல்லாம் உண்டு. மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்துக்கொண்டு பிரிண்டரில் மாட்டும், சீசன் நாளில் வாடிக்கையாளர்கள் டிராபிக்கில் மாட்டுவார்கள், ஆனாலும் ஆய்வேடு வேலை மட்டும் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அது போக மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று வெளியூரில் சட்டமும் நர்சிங்கும் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பென்டிரைவோடு வந்து நிற்பார்கள்.

சில வருஷம் முன்னால் சங்க இலக்கியத்தில் பிஎச்.டி. செய்த ஒரு தங்கச்சி ஒரு அட்டவணை கொடுத்துவிட்டுப் போனார். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் கிட்டத்தட்ட அதே சொல், ஆனால் ஒரு எழுத்து மட்டும் மாறி இருந்தது. பக்கம் முழுக்க இப்படியே போகிறது. ராத்திரி பதினொரு மணி, கண் சொக்குகிறது, சரி பாவம் அவசரத்தில் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார் போல என்று நினைத்து வலது பக்கத்தை எல்லாம் இடது பக்கம் மாதிரியே திருத்தி, அழகாகப் பிரிண்ட் எடுத்து வைத்தேன். காலையில் வந்து பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணே, அதை ஏண்ணே மாத்துனீங்க? அந்த வித்தியாசம்தாண்ணே என் ஆய்வே!"

மறுபடி டைப் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பைண்டிங் போடும்போதே படித்துப் பார்க்க ஆரம்பித்தேன். நான் பிஎச்.டி. எல்லாம் கிடையாது. ஆனால் இலக்கியம், கம்பெனி சட்டம், நர்சிங் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று துறை ஏடுகள் ஒரே மேசையில் கிடக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எம்.ஏ. முடித்து அடுத்து ஆய்வுக்குப் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கு அதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

ஆய்வு என்றால் ஒரு தலைப்பைப் பற்றி நிறைய தகவல் சேர்ப்பது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 'சங்க இலக்கியத்தில் பூக்கள்' என்று தலைப்பு வைத்து, பூப் பெயரை எல்லாம் அகரவரிசையில் அடுக்கினால் அது தொகுப்பு. பயனுள்ள வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வு என்று சொல்ல வேண்டுமானால் இன்னும் யாருக்கும் சரியாக விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். அது மட்டும் போதாது, உங்கள் விடை தப்பாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் விளையாட்டாகக் கேட்கிற கேள்வி இதுதான்: "எதைக் கொண்டுவந்து காட்டினா நீ சொன்னது தப்புன்னு ஒத்துக்குவ?" இதற்குப் பதில் இருக்கிற பிள்ளை வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், தப்பித்துவிடும் என்பது என் சொந்தக் கணிப்பு. மூன்று துறைக்கும் கேள்வி ஒன்றுதான், பதில்தான் மூன்று விதமாக இருக்கிறது.

முதலில் இலக்கியம். நம்மூரை வைத்தே பார்ப்போமே. 2006-ல் மலை முழுக்க நீலமாகப் பூத்தது, அப்புறம் 2018-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற நீலக்குறிஞ்சி. வருகிற டூரிஸ்ட்டுக்கு வழிகாட்டும் டிரைவர் தம்பிகள் எல்லோரும், "சங்க இலக்கியத்துலயே இருக்கு சார், பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கும்னு" என்று அடித்துச் சொல்வார்கள். இருக்கிறதா? குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுங்கள். தேவகுலத்தார் பாடியது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மலைச்சரிவில் 'கருங்கோற் குறிஞ்சி'ப் பூவிலிருந்து தேன் சேர்க்கிற நாட்டுக்காரனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரிது, வானத்தைவிட உயர்ந்தது, கடல் நீரைவிட ஆழமானது என்று தலைவி சொல்கிறாள். கறுத்த தண்டு இருக்கிறது, சாரல் இருக்கிறது, தேன் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் என்ற பேச்சே இல்லை.

இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனத்துச் செடி ஒன்று இரண்டு இல்லை, பல வகை உண்டு, ஒவ்வொன்றும் பூக்கிற கணக்கு வேறு வேறு. அப்படியானால் அந்தப் பாட்டில் வருவது எந்தக் குறிஞ்சி? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது குறிஞ்சியும் வருகிறது, அதே செடிதானா அது? இதைச் சொல்வதற்கு 'குறிஞ்சி' என்ற சொல் சங்கப் பாடல்களில் எங்கெல்லாம் வருகிறதோ அத்தனை இடத்தையும் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டும் பட்டியல்) வைத்து எடுக்க வேண்டும். எந்த இடத்தில் அது பூ, எந்த இடத்தில் திணை, எந்த இடத்தில் பண் (இசை வகை) என்று பிரிக்க வேண்டும், உரைகாரர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும், அவர்கள் மூலப்பாட்டுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு, "நீலக்குறிஞ்சியாக இருக்கலாம், பாட்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதினாலும் அது நல்ல ஆய்வுதான். டிரைவர் தம்பிக்கு அது பிடிக்காது, வேறு விஷயம்.

இப்போது எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்த அட்டவணைக்கு வருகிறேன். நாம் படிக்கிற சங்கப் பாடல்கள் ஓலையில் எழுதி, அது செல்லரிப்பதற்குள் இன்னொருவர் படி எடுத்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து என்று கைமாறி வந்தவை. அந்தக் கால ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது, எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. அதாவது 'கொல்', 'கோல்' இரண்டும் ஏட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும், எது என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது படிக்கிறவர் பாடு. 'கருங்கோல்' என்று நாம் இன்றைக்குச் சுலபமாகப் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு முடிவு செய்திருக்கிறார். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தது ஒரே நூலுக்குப் பல படிகள் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்கும் சேர்த்துத்தான். அவர் புறநானூற்றை அச்சிட்டது 1894-ல். குறுந்தொகையை முதலில் 1915-ல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கன், சாமிநாதையர் பதிப்பு 1937-ல் வந்தது. ஒரு பதிப்புக்கும் இன்னொன்றுக்கும், ஒரு ஏட்டுக்கும் இன்னொன்றுக்கும் சொல் மாறி இருந்தால் அதற்குப் பெயர் பாடபேதம். அந்தத் தங்கச்சி கஷ்டப்பட்டுச் சேர்த்த பாடபேதங்களைத்தான் நான் ஒரே ராத்திரியில் ஒழித்துக்கட்டப் பார்த்தேன்.

ஆக, இலக்கிய ஆய்வாளரிடம் என் கேள்வியைக் கேட்டால் பதில் இப்படி வரும்: வேறு ஒரு நல்ல சுவடி கிடைத்தாலோ, நான் கவனிக்காத ஒரு பாட்டில் அதே சொல் வேறு பொருளில் வந்தாலோ என் முடிவை மாற்றிக்கொள்வேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதே பழனி மலைப் பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும்பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும், பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பரணர் அப்படிப் புகழ்ந்தார் என்பதற்கு அந்தப் பாட்டு அசைக்க முடியாத சான்று. பேகன் நிஜமாகவே போர்வையைக் கழற்றிப் போட்டாரா என்பது வேறு கேள்வி, அதற்கு அந்தப் பாட்டு ஒன்றே போதாது. முதல் வருஷப் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் இது. அதே பாட்டுகளில் பேகன் மனைவியைப் பிரிந்திருந்ததற்காகப் புலவர்கள் அவரைக் கண்டிக்கவும் செய்கிறார்கள், ஆனால் அந்தப் பாதியை நினைவு வைத்திருக்கிறவர்கள் குறைவு.

அடுத்து கம்பெனி சட்டம். சட்ட ஏடு டைப் செய்வது போல அலுப்பான வேலை கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. ஆனால் அடிப்படை விஷயம் ஒன்று புரிந்தால் ருசியாக இருக்கும்: கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதைத் தொடங்கிய ஆள் வேறு, கம்பெனி வேறு. இதற்கு உலகம் முழுக்கச் சொல்கிற வழக்கு இங்கிலாந்தில் 1897-ல் முடிந்த சாலமன் வழக்கு. பூட்ஸ் வியாபாரி ஒருவர், தானும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உறுப்பினராக ஒரு கம்பெனி தொடங்கி தன் வியாபாரத்தை அதற்கே விற்றார். கம்பெனி நொடித்துப் போனது. கம்பெனி வாங்கிய கடனுக்கு அவர் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை என்று முடிவாயிற்று.

எனக்குப் பிடித்தது அதுவல்ல, நம்ம நாட்டுத் தேயிலை வழக்குகள் இரண்டு. சாலமனுக்குப் பதினொரு வருஷம் முன்னாலேயே, 1886-ல், கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கொண்டோலி டீ கம்பெனி வழக்கு வந்தது. எஸ்டேட் சொந்தக்காரர்கள் எஸ்டேட்டைக் கம்பெனிக்கு மாற்றிவிட்டு, "கம்பெனியிலும் நாங்கள்தானே இருக்கிறோம், எங்களுக்கு நாங்களே மாற்றிக்கொண்டதற்கு எதற்கு முத்திரைக் கட்டணம்?" என்று கேட்டார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, கம்பெனி வேறு ஆள், கட்டு என்றது. அடுத்தது பாச்சா குஸ்தார் வழக்கு, 1954-ல் உச்ச நீதிமன்றம். தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60 சதவீதத்தை விவசாய வருமானம் என்று வைத்து மத்திய வருமான வரி போடாமல் விட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த ஒரு பெண்மணி, அப்படியானால் எனக்கு வந்த டிவிடெண்டிலும் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணத்திலும்) 60 சதவீதம் விவசாய வருமானம்தானே, அதற்கு ஏன் வரி என்று கேட்டார். கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தேயிலைச் செடி கம்பெனியுடையது, பங்குதாரருக்கு நிலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அவருக்கு வருவது பங்கு வைத்திருப்பதால் வருகிற பணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சட்ட ஆய்வில் சான்று என்பது இதுதான்: சட்டப் பிரிவும் தீர்ப்பும். தீர்ப்பு முழுவதும் சமமான எடை கிடையாது. முடிவுக்கு அவசியமான காரணம் ஒன்று இருக்கும், நீதிபதி போகிற போக்கில் சொன்னது நிறைய இருக்கும், இரண்டையும் பிரிக்கத் தெரிய வேண்டும். யார் சொன்னது என்பதும் முக்கியம். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் இந்தியாவில் எல்லா நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும் என்று அரசியல் சாசனத்தின் 141-ஆம் பிரிவே சொல்கிறது. கல்கத்தா தீர்ப்பு சென்னைக்குக் கட்டளை ஆகாது, மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு பாடபேதம் உண்டு, அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பூம்பாறை மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். அங்கே பூண்டு போடுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாமா என்று ஒரு சட்ட மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கலாம், குறைந்தது பத்து உற்பத்தியாளர் போதும். இந்த வகைக் கம்பெனியில் தனி நபர் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு, ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அதாவது கம்பெனி உடம்பு, கூட்டுறவு மனசு. சரி, இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 2002-ல் திருத்தம் செய்து 1956 கம்பெனிகள் சட்டத்தில் சேர்த்தார்கள். அப்புறம் 2013-ல் புதுச் சட்டம் வந்து பழையது போனது, ஆனால் உற்பத்தியாளர் கம்பெனிக்கு மட்டும் பழைய சட்டத்தின் அந்தப் பகுதியே தொடரும் என்று விட்டுவைத்தார்கள். பிறகு 2020 திருத்தத்தில்தான் புதுச் சட்டத்துக்குள் தனி அத்தியாயமாகவே அது வந்தது. ஆகவே 2014-ல் அச்சான புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் அந்த அத்தியாயம் இருக்கவே இருக்காது, "அப்படி ஒரு கம்பெனியே கிடையாது" என்று எழுதிவிடுவீர்கள். எந்தத் தேதியில் எந்த வாசகம் நடைமுறையில் இருந்தது என்று பார்ப்பதும் சுவடி ஒப்பிடுவதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது, அடிக்குறிப்பு மட்டும் அதிகம்.

புத்தகத்தோடு நிற்காத சட்ட ஆய்வும் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்று சட்டம் சொல்கிறது, நிஜத்தில் பொதுக்குழுவுக்கு யார் வருகிறார்கள், வீட்டுப் பெண்கள் பேரில் பங்கு இருந்தால் கூட்டத்தில் அவர்கள் பேசுகிறார்களா, யாராவது வந்து கையெழுத்து மட்டும் வாங்கிப் போகிறார்களா? இதற்கு ஊருக்குள் போய், மழையில் நனைந்து, கேட்டுத்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால் நம்ம மலைக்கு இந்த மாதிரி ஆய்வு இன்னும் நிறைய வேண்டும்.

நர்சிங் ஆய்வு என்றதும், "அதுல என்னண்ணே ஆராய்ச்சி, ஊசி போடறதுதானே" என்று கடையில் ஒரு பையன் சொன்னான். அவனுக்கு நான் சொன்ன உதாரணம் படுக்கைப்புண். நடமாட முடியாமல் படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது காலங்காலமாகச் சொல்லி வருகிற விதி. ஏன் இரண்டு? ஏன் மூன்று கூடாது? ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பினால் அந்த வயதானவர் எப்போது தூங்குவார்? இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை வைத்து, சிலரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, சிலரை 3 மணி நேரத்துக்கு, சிலரை 4 மணி நேரத்துக்கு என்று பிரித்து மூன்று வாரம் பார்த்ததில் புண் வருவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2013-ல் வெளியானது. இதைப் படித்துவிட்டு வீட்டில் பாட்டியைத் திருப்பிப் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அழுத்தத்தைப் பரப்புகிற அடர்ந்த ஃபோம் மெத்தையில், நம்ம வீட்டு இலவம்பஞ்சு மெத்தையில் இல்லை. ஒரு முடிவு எந்த நிலைமைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு முடிவு.

யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதை ஆய்வாளர் இஷ்டத்துக்கு விடக்கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தற்செயலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மையும் அறியாமல் தெம்பான ஆட்களை நமக்குப் பிடித்த பக்கம் சேர்த்துவிடுவோம். நிறைய பேர் எதற்கு என்பதற்கு ஒரு நாணயம் போதும். பத்துத் தடவை சுண்டி ஏழோ அதற்கு மேலோ தலை விழுவது பெரிய அதிசயம் இல்லை, ஏறத்தாழ ஆறு முயற்சிக்கு ஒரு முறை நல்ல நாணயத்திலேயே நடக்கும். நூறு தடவை சுண்டி எழுபதோ அதற்கு மேலோ விழுந்தால் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள், அது தற்செயலாக நடக்க சுமார் இருபத்தையாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். 'புள்ளியியல் முக்கியத்துவம்' என்று ஏடு முழுக்க வருகிற பெரிய வார்த்தைக்குள் இருப்பது இந்த யோசனைதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவின் மகள் நர்சிங் முதுகலை படிக்கிறாள், அவள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற சின்னக் கருவி கொரோனா காலத்தில் எல்லா வீட்டுக்கும் வந்ததே, அது விரலில் ஓடுகிற ரத்தத்தை வைத்து அளக்கிறது. குளிரில் விரல் விறைத்தால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், அளவும் சரியாக வராது. நம்ம ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே சமவெளியைவிட அளவு கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். இரண்டும் சேர்ந்தால் ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு வருகிற நோயாளிக்குக் குறைந்த எண் காட்டினால் நர்ஸ் பயப்பட வேண்டுமா, கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டுமா? சூடாக்குவது என்றால் எத்தனை நிமிஷம், தேய்த்தா, வெந்நீர்ப் பையா? கேள்வியை எவ்வளவு சின்னதாக வெட்டி வைத்திருக்கிறாள் பாருங்கள். யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்று நாலும் அதில் இருக்கிறது.

ஆனால் சூடாக்கிய பிறகு வருகிற எண்தான் சரியான எண் என்று எப்படித் தெரியும்? தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும், அது வலிக்கும். ஒரு ஆய்வுக்காக ஆட்களுக்கு வலி கொடுக்கலாமா? நெறிமுறைக் குழு உட்காருவது இந்தக் கேள்விக்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியில், கலந்துகொள்கிறவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் அவருக்குக் கிடைக்கிற சிகிச்சை குறையக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. கபிலர் நம்மிடம் ஒப்புதல் படிவம் கேட்க மாட்டார், இவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

காலக் கணக்கும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், பொதுவாக அதிகபட்சம் ஆறு. பிறர் எழுதியதைக் காப்பி அடித்திருக்கிறதா என்று பார்க்க ஏட்டை நகல் சோதனைக்கு அனுப்புவார்கள், 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்று 2018 விதி சொல்கிறது. முடிந்த ஏடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, தலைப்பு முடிவு செய்யும் முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே யாராவது பதில் சொல்லிவிட்டார்களா என்று தெரிந்துவிடும்.

போன வாரம் காலையில் கடை திறந்ததும் அந்தப் பெண் வந்தாள். சும்மா என் விரலில் கருவியை மாட்டினாள், 90 காட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கையைப் பரபரவென்று தேய்க்கச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து கிளாஸைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி மாட்டினாள், 95. "அட, இதையே எழுதிடலாமே பாப்பா" என்றேன். "ஒரே ஆளை வெச்சு எழுத முடியாது மாமா. டீ குடிச்சதாலயா, தேய்ச்சதாலயா, சும்மா அஞ்சு நிமிஷம் போனதாலயான்னும் தெரியாது. நெறிமுறைக் குழு அனுமதி வந்ததும் நீங்களும் ஒரு ஆளா வாங்க" என்று ஒப்புதல் படிவத்தின் மாதிரியை நீட்டினாள். நான் டைப் செய்து கொடுத்ததுதானே என்று படிக்காமலே கையெழுத்துப் போடப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "முழுசாப் படிங்க மாமா, அப்புறம் போடலாம்."